தொழுகைப் பாயில் கையளவு ஈரம்

எங்கள் வீட்டுக்கு நாய் வந்தபோது எனக்கு எழுபத்தொரு வயது. அதுவரை நான் நாய் வளர்த்ததில்லை. வளர்க்க ஆசைப்பட்டதும் இல்லை. மகன் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தபோது குட்டியாக வாங்கி வளர்த்த லெப்ரடோர் அது. குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போக விசா கிடைத்ததும் நாயைக் கொண்டுபோக அவனுக்கு வழி தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில், எங்கள் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, இரண்டு சட்டி, ஒரு சீப்பு, ஒரு பழைய டென்னிஸ் பந்து, நான்கு பக்கக் குறிப்பு, இவற்றோடு அதை இறக்கிவிட்டான்.

"ரெண்டு வயசுதாம்பா. கடிக்கவே மாட்டான். திங்கிறதுதான் கொஞ்சம் கூட."

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது அன்று மாலையே தெரிந்தது. பாகற்காய்த் தோல், பழைய கறிவேப்பிலைக் கொத்து, கிணற்றடியில் துணி துவைக்க வைத்திருந்த அரைச் சவர்க்காரம் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, இன்னும் ஏதாவது உண்டா என்று என் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"என்னாங்க, இது நாயா, குப்பை லொறியா?" என்றாள் அவள்.

மகன் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தான். என் வாயில் அது நிற்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் "தம்பி, இங்க வா" என்றேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து அது எனக்குத் தம்பி. இனி அவன் என்றே எழுதுகிறேன்.

மகனின் குறிப்பை நான் ஒரு பாடத்திட்டம் போல் படித்தேன். மாத்தளையில் முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். எழுதி வைத்ததை அப்படியே செய்வதுதான் என் பழக்கம். காலையில் ஒரு கோப்பை, மாலையில் ஒரு கோப்பை. கோப்பையைக் குவித்து நிரப்பக் கூடாது. இந்தச் சாதி நாய்க்கு வயிறு நிறைந்தது தெரியாது, கண் கெஞ்சும், பார்க்கக் கூடாது. உடம்பு ஏறினால் இடுப்பு மூட்டு கெடும். மயிர் இரண்டு அடுக்கு. மேலே முரடு, உள்ளே பஞ்சு. வாரத்தில் மூன்று தரம் சீவ வேண்டும். தண்ணீரைக் கண்டால் இறங்கும், தடுக்க முடியாது. ஏறி வந்ததும் தொங்கு காதைத் தூக்கி உள்ளே காயத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும். வெயில் ஏறுமுன் நடத்திக் கூட்டி வரவேண்டும்.

கடைசி வரியின் கீழே மகன் இரண்டு கோடு போட்டிருந்தான். 'வேலை இல்லாமல் விடாதீங்க. இது எடுத்துக் கொண்டுவந்து கையில் கொடுக்கிற சாதி. நீங்கள் வேலை கொடுக்காவிட்டால் அவனே ஒரு வேலையைத் தேடிக்கொள்வான்.'

அதைப் பற்றி நான் பிறகு தேடி வாசித்தேன். குளிர் நாடுகளில் வேட்டைக்காரன் சுட்ட வாத்து தண்ணீரில் விழும். இந்த நாய் நீந்திப்போய், ஒரு பல்லும் அழுத்தாமல் அதைக் கவ்வி வந்து எசமானின் கையில் வைக்கும். தின்னாது, புதைக்காது, ஒளிக்காது. எதற்கும் வாயைத் திறந்து நிற்கும் நாய், வேலை என்று வந்துவிட்டால் கவ்வியதை விழுங்காது என்பதை நான் நம்பவில்லை. ஒரு நாள் எங்கள் கோழி குரோட்டன் செடிக்குள் இட்ட முட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தான். ஓட்டில் ஒரு கீறல் இல்லை. எச்சில் மட்டும் வழிந்தது. என் மனைவி அதைக் கழுவிப் பொரித்துத் தந்தாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். துரை பங்களாவில் இதே நிறத்தில் ஒரு நாய் இருந்தது. துரை மலைக்குப் போகும்போது ஜீப்பின் முன் இருக்கையில் அது உட்கார்ந்திருக்கும். என் அப்பா ஓரமாக ஒதுங்கித் தலைப்பாகையைக் கழற்றி நிற்பார். சலாம் துரைக்கா நாய்க்கா என்று எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம். அறுபது வருடம் கழித்து அதே மாதிரி ஒரு நாய் என் காலடியில் தலையை வைத்துப் படுத்தபோது எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அது அன்பு மட்டுமல்ல. பெருமையும்தான். பின்னால் நடந்ததற்கு அந்தப் பெருமையும் ஒரு காரணம்.

பக்கத்து வீட்டில் நானா இருக்கிறார்; வயதில் மூத்த முஸ்லிம் ஆளை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிட மூன்று வயது மூத்தவர். மாத்தளைக் கடைவீதியில் மிளகு, சாதிக்காய், கராம்பு என்று மொத்த வியாபாரம் செய்து, கடையை மகன்மாரிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். மனைவி இறந்து, அவர் சொல்வதுபோல் மௌத்தாகி, ஆறு வருடம். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் கம்பி வேலி. அதில் ஓர் இடத்தில் கம்பி அறுந்து, ஆள் குனிந்து வரும்படி ஒரு வழி. பத்து வருடமாக அதை இரண்டு பேரும் திருத்தவில்லை. அசர் தொழுகை முடிந்ததும், நாலரை மணிக்கு, அந்த வழியால் குனிந்து வருவார். அவருக்கு ஒரு கண்ணில் புரை, மற்றதில் பாதிப் பார்வை. நான் பேப்பர் வாசிக்க, அவர் கேட்பார். கேட்பதைவிடச் சண்டை பிடிப்பதுதான் அதிகம்.

நாய் வந்த மறுநாள், வழியில் பாதி குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"மாஸ்டர், இது என்ன, சிங்கமா?"

"நாய் நானா. மகன்ட நாய். ஒன்னும் செய்யாது."

"செய்யாது செய்யாதுன்டு தான் எல்லாரும் செல்ற. அதுக்குத் தெரியுமா அது?"

வந்து உட்கார்ந்து, இரண்டு காலையும் கதிரையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க. சீவன் மேல எனக்கு வெறுப்பில்ல. அதுட எச்சில் தான். ஈரவாய் பட்டா ஏழு தரம் கழுவோணும், அதுல ஒரு தரம் மண் கரைச்ச தண்ணியில. அப்புடிக் கழுவாம தொழ ஏலாது. என்ட முழங்காலோட நான் எத்தின தரம் கழுவுற?"

"உங்க பக்கம் வரமாட்டான் நானா. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

சொன்ன சொல் அதுதான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போகப்போக நானாவுக்கும் அவனைப் பிடித்துவிட்டது. தொடமாட்டார். கால் மேலேதான் இருக்கும். ஆனால் சட்டைப் பையில் ஒரு பிஸ்கட் இருக்கும். தூரத்திலிருந்து எறிவார், அவன் வாயால் பிடிப்பான், "அவுட்!" என்று கத்துவார். அவன் ஈரமாகச் சுதுகங்கை ஆற்றிலிருந்து திரும்பிய நாட்களில், நான் அவன் காதைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்து, "ஒங்கட மகன்ட காத இப்புடித் தொடச்சீங்களா?" என்று கேட்பார். துடைத்ததில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் இடது முழங்கால் மடங்காது. குனிந்து எதையும் எடுக்க முடியாது. காற்றடிக்கும் நாட்களில் கொடியில் காயும் துணி விழுந்தால் மனைவி வரும்வரை கிடக்கும். இவனுக்கு வேலை வேண்டும், எனக்குத் துணி வேண்டும். கற்றுக்கொடுக்கலாமே என்று தோன்றியது. முதலில் ஒரு பழைய துவாய். எடுத்து வந்தால் ஒரு துண்டு பிஸ்கட். பிறகு நான் உடுத்தும் சாரம். பிறகு தலையணை உறை. இரண்டு வாரத்தில் விழுந்த துணியை எடுத்து வந்தான். மூன்றாம் வாரத்தில், விழாத துணியின் தொங்கும் நுனியை மெல்ல இழுத்து எடுத்து வரவும் தானாகவே கற்றுக்கொண்டான். அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். "பாருங்க, நூல் ஒன்னு இழுபட்டிருக்கா?" என்று துணியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவேன். கைதட்டினார்கள். அவனுக்குப் பிஸ்கட், எனக்குக் கைதட்டல்.

"அடுத்தவங்க வீட்டுத் துணியையும் எடுத்துட்டு வரப்போவுது, பாத்துக்கிட்டே இருங்க" என்றாள் மனைவி.

"அவனுக்கு நம்ம கொடி தெரியும்" என்றேன். அவனுக்கு எப்படித் தெரியும்? எது நம்முடையது, எது பிறருடையது என்று ஒரு பாடமும் நான் நடத்தவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் அது. இரண்டு வாரம் விடாமல் பெய்த மழை அன்றுதான் ஓய்ந்து வெயில் எறித்தது. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் முன்னறையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தம்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தான். வாயில் ஏதோ கனமான, கருஞ்சிவப்புத் துணி. மடிப்புக் கலையாமல் நடுவில் கவ்வியிருந்தான். தலையை உயர்த்தி, என் கைக்கு எட்டும் உயரத்தில் பிடித்து, வாலால் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

கையில் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. நானாவின் முஸல்லா. பல வருடத்துக்கு முன் ஹஜ்ஜுக்குப் போனபோது அவரும் மனைவியும் மக்காவில் வாங்கி வந்த தொழுகைப் பாய். மழை நாட்களில் புழுங்கிய வாடை போக, வேலியோரக் கம்பியில் காயப் போட்டிருக்கிறார்.

விரித்துப் பார்த்தேன். ஒரு நூல் இழுபடவில்லை. ஒரு பல் பதியவில்லை. சரியாகத் தலை வைத்து ஸுஜூது செய்யும் இடத்துக்குச் சற்றுக் கீழே, என் உள்ளங்கை அளவுக்கு ஈரம். அவ்வளவுதான்.

அப்போது நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். முதலில் நானாவின் வளவைப் பார்த்தேன். யாரும் இல்லை. சாரத்தின் நுனியால் ஈரத்தை ஒற்றினேன். வேலி வழியாக, மடங்காத காலை இழுத்துக்கொண்டு, குனிந்து அந்தப் பக்கம் போனேன். கம்பியில் இருந்த மாதிரியே போட்டேன். ஈரமான பக்கம் வெயிலைப் பார்க்கும்படி திருப்பினேன். திரும்பி வந்தேன். தம்பி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான், பிஸ்கட்டுக்காக. கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் வாங்கு சொல்லும் நேரத்துக்கு ஈரம் காய்ந்துவிட்டது. நானா வெளியே வந்தார். பாயைத் தடவிப் பார்த்தார். உதறினார். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து, தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். இருபது அடி தூரம்தான்.

காரணம் கேட்டால் பல சொல்வேன். நாயை வைத்துக்கொண்டதால் நட்பு போய்விடுமோ என்ற பயம். பொறுப்பு என்று சொல்லிவிட்டுத் தவறியதில் வெட்கம். காய்ந்தால் போயிற்று, வெயில் எல்லாவற்றையும் சுத்தம் செய்யும் என்ற என் எண்ணம். அது என் எண்ணம். அவருடைய தொழுகையை என் எண்ணத்தால் அளக்க எனக்கு யார் அனுமதி தந்தது? கடைசியில் எல்லாம் ஒன்றுதான். சொன்னால் என் முகம் சிறுத்துவிடும். நாயின் வாய் அத்தனை மெதுவாக இருந்ததால், சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு கிழிசல் இருந்திருந்தால் அன்றே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

மாலை நாலரைக்கு நானா வழக்கம்போல் வந்தார். தம்பிக்குப் பிஸ்கட் எறிந்தார். நான் பேப்பர் வாசித்தேன். என் குரல் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் டவுனுக்குப் போய் ஒரு சங்கிலி வாங்கி வந்து, தம்பியை ரம்புட்டான் மரத்தில் கட்டினேன். இனி ஒருபோதும் நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆக, தவறு என்னுடையது, கட்டு அவனுக்கு.

"அத ஏங்க கட்டிப் போட்டீங்க? பாவங்க, என்னா செஞ்சிச்சு?"

"ரோட்டுக்குப் போவுது. பஸ்ஸில அடிபட்டுரும்" என்றேன். ஏ-ஒன்பது வீதி பக்கத்தில்தான். பொய்க்கு வசதியான இடம்.

நானா ஐந்து நேரமும் வீட்டில்தான் தொழுவார். முழங்கால் வலியால் வெள்ளிக்கிழமை மட்டும் த்ரீவீலரில் பள்ளிவாசலுக்குப் போவார். அதனால் ஒவ்வொரு வாங்கும் எனக்கு ஒரு கேள்வி போல் கேட்டது. இதோ இன்னொன்று, இதோ இன்னொன்று. இன்று சொன்னால் ஐந்து நாளுக்குரியதைத் திருப்பித் தொழ வேண்டியிருக்கும் என்று நினைப்பேன், சொல்லமாட்டேன். அடுத்த வாரம் அது பன்னிரண்டு நாளாகியிருக்கும். அதைச் சொல்வது இன்னும் கஷ்டம். இப்படியே ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிடச் சொல்ல முடியாததாகியது. கணக்குத் தெரிந்தவனுக்கு இந்தக் கூட்டல் புரியாமல் இல்லை.

தம்பி முதல் மூன்று நாள் கத்தினான். பிறகு கத்தவில்லை. சங்கிலி எட்டும் வட்டத்துக்குள் விழும் இலைகளை ஒவ்வொன்றாகக் கவ்வி, நான் போகும்போது நீட்டுவான். வாங்க எனக்குக் கை வரவில்லை. அதற்குப் பதிலாகத் தின்னக் கொடுத்தேன். காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்க வரும் சூன் பாண் ஓட்டோவை மறித்து, மீன் வைத்த மாலு பணிஸ் ஒன்று, சில நாள் இரண்டு. கோப்பையைக் குவித்து நிரப்பினேன். கட்டிப் போட்ட குற்றத்துக்கு அவன் வயிற்றில் பரிகாரம் தேடினேன். அவன் எல்லாவற்றையும் தின்றான். அவன் சாதி அப்படி. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஒருவனிடம் நான் அப்படி நடந்துகொண்டேன்.

ஐந்தாவது வாரம் அவன் முன்னங்காலில் ஒரு புண் கண்டேன். ஓயாமல் நக்கி நக்கி மயிர் போய், தோல் சிவந்து நீர் கசிந்தது. காதைத் தூக்கினால் புளித்த வாடை. கால்நடை வைத்தியரைக் கூப்பிட்டோம். சிங்களவர், இளையவர், பொறுமையானவர். அவர் சிங்களத்தில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் அவன் விலாவில் கையை வைத்தார். "சேர், இங்க கை வச்சுப் பாருங்க. அழுத்தாமலே விலா எலும்பு கைக்குப் படணும். உங்களுக்குப் படுதா?"

படவில்லை. மெத்தைதான் பட்டது.

காதுக்கு மருந்து ஊற்றினார். காலைத் தூக்கி வெகு நேரம் பார்த்தார். "இது கால் வருத்தம் இல்ல. இது மன வருத்தம். இந்த நாய்க்கு வாயில வேலை இருக்கணும். வேலை இல்லாட்டி தன் காலையே தின்னத் தொடங்கும். ஏன் சேர் கட்டினீங்க? கோழி கீழி பிடிச்சானா?"

"இல்ல."

"ஆளைக் கடிச்சானா?"

"இல்ல."

"அப்ப?"

அவர் மருந்துச் சீட்டை எழுதிவிட்டு, "மருந்துக்கு முந்தி கழட்ட வேண்டியது அந்தச் சங்கிலியைத்தான்" என்று சொல்லிப் போனார். மனைவி என்னைப் பார்த்தாள்.

அன்று மாலை நானா வந்தார். மரத்தடியில் தம்பி எழும்பாமல் படுத்திருந்தான். பிஸ்கட் எறிந்தார். அது மூக்கில் பட்டு விழுந்தது.

"என்ன மாஸ்டர், டக் அவுட்? தம்பிக்கு சொகமில்லயா?"

"காலில் புண்."

"அது கட்டினதால தான். நானும் பாத்துட்டு தான் ஈக்கன். கண்ணு சரியாத் தெரியாட்டியும் அது தெரியுது. வாயில்லாத சீவன், அவுத்து உடுங்க. என்ட பக்கம் வந்துருமேன்டு தானே கட்டீக்கீங்க? எனக்காக ஒரு சீவன வதைக்காதீங்க மாஸ்டர். வந்தா வரட்டும். நான் பாத்து நடந்துக்குறன்." பிறகு கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, "நாளான்டைக்கு மத்த நாள் நோன்பு. இந்த முறை ஊட்டுல தான் கூட நேரம் தொழுது ஓதி அமல் செய்யோணும், பள்ளிக்கு ஏறி எறங்க ஏலா. சரி, வாசிங்க" என்றார்.

நான் பேப்பரை விரித்தேன். தலைப்பைப் படித்தேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன்.

"என்ன, எழுத்து சின்னதா?"

"நானா, நான் ஒன்னு சொல்லணும்."

சொன்னேன். பொங்கல் வாரத்திலிருந்து தொடங்கி, வரிசையாக. ஒற்றியது, திருப்பிப் போட்டது, ஜன்னலில் நின்றது. ஏன் என்று சொல்லத் தொடங்கியபோது அவர் கையை உயர்த்தினார். அது வேண்டாம் என்பதுபோல.

"எந்த எடத்துல?"

"தலை வைக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழ."

"நெத்தி படுற எடமா?"

"மூக்கு படுற இடமா இருக்கும்."

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. காலை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார்.

"நாய் எடுத்ததப் பத்தி எனக்கு ஒன்டுமில்ல மாஸ்டர். அது எடுத்தத அப்புடியே கொண்டாந்து ஒங்கட கையில தந்திருச்சு. ஒளிச்சது நீங்க."

வேலி வழியால் குனிந்து போனார். அந்த வழியில் அவர் கையூன்றிக் குனிவதை அன்றுதான் கவனித்துப் பார்த்தேன்.

நான் மரத்தடிக்குப் போய், முழங்காலை நீட்டி ஒருபக்கமாகத் தரையில் உட்கார்ந்து, சங்கிலிக் கொளுக்கியைக் கழற்றினேன். ஓடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. என்னை முகர்ந்தான். பிறகு தரையில் கிடந்த சங்கிலியைக் கவ்வி, இரும்பு பல்லில் உரசும் சத்தத்தோடு தூக்கி, என் கையில் வைத்தான். வைத்துவிட்டு உட்கார்ந்து வாலை ஆட்டினான். அவனுக்குக் கொடுக்க என்னிடம் பிஸ்கட் இல்லை. எழும்பவும் முடியவில்லை. மனைவி வந்து தூக்கும்வரை அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். உள்ளே நடந்தபோது அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. "மொதல் நாளே சொல்லியிருந்தா நானே கழுவிக் குடுத்திருப்பேனேங்க" என்றாள். அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் நாலரைக்கு நானா வரவில்லை. நான் பேப்பரைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். தம்பி வேலி வழியைப் பார்த்தபடி இருட்டும்வரை படுத்திருந்தான்.

அதற்கு மறுநாள் காலையில் தண்ணீர் சத்தம் கேட்டது. நானா தன் வளவில், பைப்படியில், சிமெந்துக் கல்லின் மேல் முஸல்லாவை விரித்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மண். தனியாகக் குனிவதும் நிமிர்வதும் மூச்சு வாங்குவதுமாக இருந்தார். நான் தம்பியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, கைகால் கழுவி, வேறு சாரம் உடுத்துக்கொண்டு வேலி வழியாகப் போனேன். கூப்பிடாத இடத்துக்குப் போகிறோம் என்ற கூச்சம் இருந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "சாதிக்கா மரத்தடி மண் தான். சுத்தமான மண்" என்றார், யாருக்கோ சொல்வதுபோல. பிறகு வாளியை என் பக்கம் தள்ளினார். "நீங்க ஊத்துங்க. நான் தேய்க்கிறன். எண்ணுங்க. எனக்கு எண்ணம் பெசகிரும்."

மண் கரைத்த தண்ணீர் முதலில். கருஞ்சிவப்புப் பாய் சேற்று நிறமாகியது. பிறகு நான் ஊற்றினேன், அவர் தேய்த்தார். இரண்டு. மூன்று. நாலாவதில் அவர் சொன்னார்: "பள்ளி மௌலவிட்ட கேட்டன். தெரியாம தொழுததுக்கு குத்தமில்லயாம். தெரிஞ்ச பொறகு திருப்பித் தொழோணுமாம்."

"நூத்தி அறுபது இருக்கும் நானா. முப்பத்திரண்டு நாள், ஐந்து நேரம்."

அவர் நிமிர்ந்தார். இரண்டு நாளில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம லுஹர் நான் பள்ளியில மாஸ்டர். அஞ்சு வெள்ளிக்கெழம. மொதல் நாள் விடிய சுபஹு, நாய் எடுக்க முந்தி தொழுதது. கடைசி நாள் நீங்க சென்னது அசருக்குப் பொறகு. அன்டைக்கு மிச்சம் ரெண்டு நேரமும் வேற பாயில. கழிச்சீங்களா? இதா நீங்க புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுத்த கணக்கு?"

நூற்று ஐம்பத்திரண்டு. மனதுக்குள் கழித்தேன். ஐந்தாவதை ஊற்றினேன், ஆறாவதை, ஏழாவதை. பாயை இரண்டு பேருமாகப் பிழிந்தோம், ஒவ்வொரு நுனியாகப் பிடித்து. அவர் அதை வேலிக் கம்பியில் போடவில்லை. வீட்டுக்குள், ஜன்னல் ஓரத்தில், ஒரு கயிறு கட்டியிருந்தார். அங்கே போட்டார். நான் கேட்க வந்த மன்னிப்பை அன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மன்னித்ததாகச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் அவர் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நோன்பு தொடங்கியது. முதல் நாள் மாலை நாலரைக்கு வரவில்லை. நாலே முக்காலுக்கு, வேலி வழியில் கை தெரிந்தது. வந்து உட்கார்ந்தார். காலைத் தூக்கி வைத்தார். ஏன் தாமதம் என்று நான் கேட்கவில்லை. அசரைத் தொழுதுவிட்டு, என்னால் வந்த இன்னோர் அசரையும் தொழுதுவிட்டு வருகிறார். நான் சொன்ன அன்று அந்தி மஃரிபிலிருந்தே, ஒவ்வொரு நேரத் தொழுகையோடும் திருப்பித் தொழுவது ஒன்று. அந்தக் கால்மணி நேரம் நான் பேப்பரைத் தொடமாட்டேன். அந்த மாதம் எங்கள் முன்னறையில் அந்த நேரத்துக்குத் தேத்தண்ணியும் வைக்கவில்லை.

தம்பிக்கும் வேறு பாடம் தொடங்கினேன். துணி கொண்டுவந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், திட்டமாட்டேன், வாங்கவும்மாட்டேன். கேட்டடியில் விழும் பேப்பரைக் கொண்டுவந்தால் கெரட் துண்டு ஒன்று. மாலு பணிஸ் நின்றது. கோப்பை மட்டமாகத்தான் நிறைகிறது. விடியற்காலையில் ஆற்றங்கரை, டென்னிஸ் பந்து, திரும்பி வந்ததும் காது. சீவும்போது வரும் உள்மயிரை மனைவி வேலியில் சொருகி வைக்கிறாள். குருவிகள் கூட்டுக்கு எடுத்துப் போகின்றன. துணியை மறக்க அவனுக்கு மூன்று வாரம் ஆனது. காலில் மயிர் முளைத்துவிட்டது. விலாவில் கை வைத்தால் எலும்பு படுகிறது, மெதுவாக.

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி எழுந்து வாலை ஆட்டினான். வேலி வழியில் நானா குனிந்து வந்துகொண்டிருந்தார். மணி நாலரை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"என்ன பாக்குறீங்க? முடிஞ்சிச்சு" என்றார். சட்டைப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து எறிந்தார். தம்பி பிடித்தான். "அவுட்!" என்று கத்திவிட்டு, கதிரையில் ஏறிக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். "வாசிங்க மாஸ்டர்."

பேப்பரை எடுத்தேன். தம்பி காலையில் கேட்டடியிலிருந்து கொண்டுவந்தது. ஓரம் நனைந்து, காய்ந்து, ஒட்டியிருந்தது. கிழியாமல் பிரிக்கச் சற்று நேரம் எடுத்தது. அவர் காத்திருந்தார்.